காலமும் இடனும்: ஐகர் மலை தந்த பாடம்

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களையும் அடுத்தடுத்து வைத்தார். அரசர்க்கு உரைத்த அம்முறை மலையேறுவோர்க்கும் பொருந்துமென்பதைச் சுவிற்சர்லாந்திலுள்ள ஐகர் மலையின் வரலாறு காட்டுகின்றது.

ஐகர் 3,967 மீற்றர் உயரமுடையது. அதன் உச்சியை மாந்தர் 1858 ஆம் ஆண்டிலேயே வேறு வழியால் அடைந்தனர். ஆயின், ஏறத்தாழ 1,800 மீற்றர் செங்குத்தாய் எழும் வடமுகமோ அதன்பின் எண்பது ஆண்டுகள் எவர்க்கும் இடங்கொடுத்திலது. சுண்ணக்கற் பாறையாலான அம்முகம் உட்குழிந்திருத்தலின் புயல் அதனுள் அகப்பட்டுச் சுழலும். இரவிற் பனிக்கட்டி பிணித்து வைத்த கற்கள், மேற்பகுதியில் வெயில் பட்டதும் கட்டவிழ்ந்து பாயும். ஆகவே விடியலில் அமைதியாயிருந்த வழி பிற்பகலிற் கொலைக்களமாகும். பாறையில் வழியும் நீர், குளிர் மிகுந்ததும் கண்ணாடி போன்ற மெல்லிய படலமாய் உறையும். அதிற் கையும் பற்றாது; காலும் நில்லாது.

1935 ஓகஸ்டில் இம்முகத்தில் ஏறிய சேட்ல்மையர், மேறிங்கர் என்னும் யேர்மானியர் இருவரும் பனிப்புயலில் அகப்பட்டு மாண்டனர். மறு ஆண்டு யூலை 18 இல் ஹின்ரர்ஸ்ரொய்சர், கூர்ஸ், அங்கெரர், றைனர் என்னும் நால்வர் புறப்பட்டனர். வழுவழுப்பான பாறையொன்றை ஹின்ரர்ஸ்ரொய்சர் கயிற்றின் துணையாற் குறுக்கே கடந்து, ஏனையோர்க்கும் வழி செய்தார். அனைவரும் கடந்த பின்னர் அக்கயிற்றை உருவிக்கொண்டனர். மேலே அங்கெரர் கல்வீழ்ச்சியாற் காயமுற, நால்வரும் திரும்ப நேர்ந்தது. யூலை 21 இல் அவர்கள் அப்பாறையை அடைந்தபோது அது பனிப்படலம் போர்த்திருந்தது. பலமுறை முயன்றும் கடத்தல் இயலவில்லை. நேர்கீழே கயிற்றால் இறங்கத் துணிந்தவர்களைப் பனிச்சரிவு தாக்கியது, மூவர் இறந்தனர். எஞ்சிய கூர்ஸ் மறுநாள், மீட்க வந்த வழிகாட்டிகள் அணுகியும், கயிற்றின் முடிச்சுக் கொளுவியில் இறுகியமையால் இறங்கமாட்டாது தொங்கியவாறே உயிர்நீத்தார்.

இந்நால்வர்க்கும் வலி குறைவன்று. ஏறும்போது கண்ட பாறை இறங்கும்போதும் அவ்வாறே இருக்குமெனக் கொண்டமையே பிழையாயிற்று. இடன் என்பது காலத்தோடு மாறுவதொன்று என்பதை அவர்கள் கருதிலர்.

1937 ஓகஸ்டில் றெபிற்ச், ஃபோர்க் என்னும் இருவர் அப்பாறையிற் கயிற்றை விட்டுச் சென்றனர். மேலே வானிலை கெட்டதும் அதே கயிற்றின் வழியே உயிருடன் மீண்டனர். அம்மீட்சியைத் தோல்வி எனல் பொருந்தாது. மறு ஆண்டு ஃபோர்க் மீண்டும் வந்தார். அவரும் ஹெக்மையரும் வானம் ஐயத்திற்கிடமாயிருந்தமை கண்டு முதலில் இறங்கினர்; யூலை 22 இல் மீண்டும் ஏறி, முன்சென்ற ஹாறர், கஸ்பாறெக் என்போரோடு இணைந்தனர். புயலும் பனிச்சரிவும் அவர்களையும் தாக்காமல் விடவில்லை. எனினும் 1938 யூலை 24 இல் நால்வரும் உச்சியை அடைந்தனர்.

வானையும் பாறையையும் எத்துணை ஆராயினும் இடர் முற்றாக நீங்குவதில்லை. ஆயினும், ஆராய்ந்தவன் திரும்பும் வழியை அடைத்துவிட்டு ஏறான். திரும்பத் தெரிந்த ஒருவர் வென்றோருள்ளும் ஒருவரானமை ஐகர் தரும் பாடமாகும்.