தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு

நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டின் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர் ஒருவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று அறிய, பெரும்பாலும் அவருடைய ஊர்ப்பெயரே போதுமானதாக இருந்தது. பாளையங்கோட்டை என்றால் ஆங்கிலிக்கன். நாகர்கோவில் என்றால் லண்டன் மிஷன். மதுரை என்றால் அமெரிக்கன் மிஷன். மிஷனரிகள் எல்லை பிரித்துக்கொண்டு ஊழியம் செய்ததன் விளைவு இது. ஐரோப்பாவில் என்றோ நடந்த சண்டைகளின் பிரிவினையை, அவற்றைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத நாசரேத்துக்காரரும் நெய்யூர்க்காரரும் சுமந்துகொண்டிருந்தார்கள்.

இது நமக்கு எதற்கு என்ற கேள்வி 1919 மே மாதம் தரங்கம்பாடியில் வெளிப்படையாக எழுந்தது. மே 1, 2 தேதிகளில் அங்கே 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். கூட்டத்தின் முன்னணியில் நின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். 1912இல் தோர்ணக்கல்லுக்கு அபிஷேகம் பெற்று ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். 1910இல் எடின்பரோ மாநாட்டு மேடையில் நின்று, மிஷனரிகளின் உழைப்பை மதிக்கிறோம், ஆனால் எங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்று நேருக்கு நேர் சொன்ன மனிதர். தரங்கம்பாடி அறிக்கையிலும் அதே நிமிர்வு தெரிகிறது: இந்தப் பிரிவினைகள் நாங்கள் உண்டாக்கியவை அல்ல, எங்கள்மீது வந்து விழுந்தவை என்றது அது.

பேச்சு அங்கே தொடங்கியது. முடிய 28 ஆண்டுகள் ஆயின.

ஒரு பக்கம் ஆங்கிலிக்கன் சபை. இன்னொரு பக்கம் பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் 1908இலேயே இணைந்து உருவாக்கியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபை. இவர்களின் கூட்டுக் குழு 1920இல் உட்கார்ந்தது. 1925இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். முட்டுக்கட்டையாக நின்றது பேராயர் பதவி. பேராயரின் கை தலையில் வைக்கப்படாமல் ஒருவர் குருவாக முடியாது என்பது ஆங்கிலிக்கன் பிடிவாதம். பேராயரே இல்லாமல் தலைமுறை தலைமுறையாகத் திருவிருந்து பரிமாறிய மற்றவர்களுக்கு இது அவமானம். தங்கள் ஆயர்கள் இத்தனை காலம் செய்த ஊழியம் செல்லாதா என்ற கோபம். லண்டனில் கவிஞர் டி.எஸ். எலியட்கூட 1943இல் இந்த இணைப்பைக் கண்டித்து ஒரு சிறுநூல் எழுதினார். நெல்லூரும் நெல்லையும் எங்கே இருக்கின்றன என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ!

கடைசியில் எடுத்த முடிவு எளிமையானது. துணிச்சலானதும்கூட. ஏற்கெனவே ஊழியத்தில் இருக்கும் எல்லா ஆயர்களையும் அப்படியே ஏற்றுக்கொள்வது. மறு அபிஷேகம் கிடையாது. இனிமேல் வருபவர்களைப் பேராயர் அபிஷேகம் செய்வார். 30 ஆண்டுகளில் இரு வகை ஊழியமும் தானாக ஒன்றாகிவிடும். அதுவரை, மனசாட்சி ஒப்பாத வழிபாட்டையோ ஊழியரையோ எந்தச் சபையின் மீதும் திணிப்பதில்லை என்று உறுதிமொழி. முதலில் எல்லோரும் ஒரே மாதிரி ஆகுங்கள், பிறகு சேரலாம் என்று யாராவது அடம்பிடித்திருந்தால் இன்றும் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஆங்கிலிக்கன் பொதுப் பேரவை 1945 ஜனவரியில் இதற்கு இசைந்தது. அசரியா அதைக் காணவில்லை. அந்த மாதம் முதல் தேதியே காலமாகிவிட்டார். நாடு விடுதலை பெற்று ஆறு வாரம் கழித்து, 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயர்களே இல்லாத ஸ்காட்லாந்து மரபிலிருந்து வந்து காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்த லெஸ்லி நியூபிகின், மதுரை–இராமநாதபுரம் பேராயர் ஆனார். அமெரிக்கன் மிஷன் வளர்த்த யாழ்ப்பாணத்துக்குச் சபாபதி குலேந்திரன்.

சேர்ந்தவர்கள் அவரவர் கையில் இருந்ததைக் கொண்டுவந்தார்கள் என்பதை 1950இல் வெளியான திருவிருந்து ஆராதனை முறையில் தெளிவாகப் பார்க்கலாம். ஆராதனைத் தொடக்கத்தில் வேதாகமத்தை ஏந்தி வருவது ஸ்காட்லாந்துப் பழக்கம். ஆயர் மேசைக்குப் பின்னால் சபையைப் பார்த்து நிற்பார். ரோமன் கத்தோலிக்கக் கோயில்களில் இது பரவலானது 1960களில்தான். திருவிருந்து முறைக்கு வெளியே, புத்தாண்டில் கடவுளோடு உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் ஆராதனை மெதடிஸ்டுகளின் கொடை. எல்லாவற்றிலும் அழகானது, இணைப்பில் சேரவே சேராத கேரளத்துச் சிரியன் சபையிடமிருந்து எடுத்தது: ஆயரிடமிருந்து தொடங்கி, கையோடு கை சேர்த்து வரிசை வரிசையாகக் கடைசி இருக்கைவரை சமாதானம் சொல்லிக் கடத்துவது. கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய, ஒரே உடலில் பல உறுப்புகள் என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல விளக்கவுரை வேண்டுமா?

அதற்காக எல்லாம் சுபம் என்று எழுதிவிட முடியாது. பேச்சு தொடங்கிய தரங்கம்பாடியின் லுத்தரன் சபையே இன்றுவரை வெளியில்தான் இருக்கிறது. வழிபாட்டு வேற்றுமைகளுக்கு இடம் கண்ட சபையால் சாதியை வாசலுக்கு வெளியே நிறுத்த முடியவில்லை. ஐரோப்பியர் கொண்டுவந்த பிரிவினையை விலக்கியவர்களுக்கு, உள்ளூரில் விளைந்ததை விலக்குவது கடினமாக இருக்கிறது. திருமண்டலத் தேர்தல் வழக்குகள் நீதிமன்றங்களில் தேங்கிக் கிடப்பதும் ஊரறிந்த சங்கதி.

ஆனாலும் சில கதவுகள் தாமதமாகவேனும் திறந்திருக்கின்றன. ஆந்திரத்தின் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்களில் பெரும்பாலோர் 1947இல் இணைய மறுத்தார்கள். அபிஷேக மரபு கெட்டுவிடும் என்பது அவர்கள் அச்சம். பல ஆண்டுகள் ஒதுங்கி நின்ற அந்தப் பகுதி பிறகுதான் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்தது. 2013இல் அத்திருச்சபையின் முதல் பெண் பேராயராக இ. புஷ்பலலிதா பொறுப்பேற்றது அந்த நந்தியாலில்தான்.