தாய்ப்பலகையில் வீங்கிய மின்தேக்கிகள்

இரு உலோகத் தகடுகள், அவற்றினிடையே ஒரு மின்கடத்தாப் பொருள். மின்தேக்கியின் அமைப்பு இவ்வளவே என்பதை நாம் பள்ளியிலேயே படிக்கிறோம். இந்த எளிய உறுப்பு, 2000ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கான கணிப்பொறிகளைச் செயலிழக்கச் செய்தது. அது எவ்வாறு நேர்ந்தது என்று காண்போம்.

முதல் மின்தேக்கி 1745-46இல் தோன்றிய லெய்டன் சாடி. அதில் கண்ணாடியே மின்கடத்தாப் பொருள். தகடுகளின் இடைவெளி குறையக் குறைய மின்தேக்குதிறன் பெருகும் அல்லவா? இடைவெளியை வியக்கத்தக்க அளவு குறைக்க வழி கண்டவர் போலந்து நாட்டவரான கரோல் போல்லாக். அலுமினியத்தின் மேல் மின்வேதி முறையில் உண்டாகும் ஆக்சைடு படலத்தையே மின்கடத்தாப் பொருளாகக் கொண்ட மின்தேக்கிக்கு அவர் 1896இல் காப்புரிமை கோரினார். 10 வோல்ட்டைத் தாங்கும் படலத்தின் தடிமன், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 70,000இல் ஒரு பங்குதான்! மறுதகடாகப் பணிபுரிவது மின்பகு திரவம்.

மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையில் செயலிக்கு அருகே சிறு உருளைகளாக நிற்பவை இவ்வகை மின்தேக்கிகளே. 1990களின் இறுதியில் வந்த செயலிகள் 2 வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தத்தில் பல ஆம்பியர் மின்னோட்டத்தை வேண்டின. மின்தேக்கியின் உள்தடை 0.02 ஓம் என்றும், அதன் வழியே 2 ஆம்பியர் அலைமின்னோட்டம் செல்கிறது என்றும் கொள்வோம். வீணாகும் திறன் 2 × 2 × 0.02 = 0.08 வாட். தடை பத்து மடங்கானால் 0.8 வாட், சுண்டுவிரல் அளவுள்ள உருளைக்கு இது பெருஞ்சூடு.

உள்தடையைக் குறைக்க, நீர் மிகுந்த மின்பகு திரவங்களை ஜப்பானியர் உருவாக்கினர். ஆனால் நீர் அலுமினியத்தைத் தாக்கும்; அலுமினியம் ஹைட்ராக்சைடும் ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகும். இதைத் தடுக்கும் சேர்மங்களைச் சரியான அளவில் சேர்ப்பதே இத்தொழிலின் நுட்பம். தைவானில் செய்யப்பட்ட பல மின்தேக்கிகளில் இப்பாதுகாப்பு போதவில்லை. ஜப்பானிலிருந்து களவாடப்பட்ட சூத்திரம் முழுமையாக இல்லாததே காரணம் என்று 2002இல் தொழில் இதழ்களில் செய்தி வெளியாயிற்று. அச்செய்தி எவ்வாறாயினும் வேதியியல் தெளிவு: உள்ளே வாயு சேர்ந்தது, உருளை வீங்கியது, திரவம் கசிந்தது. பழுதான கணிப்பொறிகளுக்காக டெல் நிறுவனம் 2005இல் சுமார் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது.

இத்தகைய பழுதை எவ்வாறு அறிவது? உருளையின் தலையில் பெருக்கல் குறி போன்ற கீறல்கள் இருக்கும். அழுத்தம் மிகும்போது வெடிக்காமல் அவ்விடத்தில் திறந்துகொள்ள இந்த ஏற்பாடு. நல்லதன் தலை தட்டையாக இருக்கும். கெட்டது உப்பியிருக்கும், அல்லது பழுப்பு நிறக் கசடு படிந்திருக்கும். சிலவற்றில் அடியிலுள்ள ரப்பர் அடைப்பு பிதுங்கி, உருளை சாய்ந்து நிற்கும். தோற்றத்தில் மாறுதலின்றியும் கெடுவதுண்டு. ஆகவே அதே வகையைச் சேர்ந்த நல்ல மின்தேக்கியுடன் ஒப்பிட்டு, மின்தேக்குதிறனையும் உள்தடையையும் அளந்து பார்ப்பதே முறை.

மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு ஒத்திருக்க வேண்டும்; வோல்ட் அளவு குறையக் கூடாது; உள்தடை குறைந்த வகையாகவும் 105 டிகிரி செல்சியசு வெப்பம் தாங்குவதாகவும் இருத்தல் நலம். பட்டை அச்சிட்ட பக்கம் எதிர்முனை. மாற்றி இணைத்தால் ஆக்சைடு படலம் அழிந்து உருளை வெடிக்கவும் கூடும்.

பின்னர்த் தாய்ப்பலகைகளில் திரவத்திற்குப் பதிலாகத் திண்மப் பாலிமர் கொண்ட மின்தேக்கிகள் பெருகின. ஒரு பொருளின் செய்முறையை நகல் எடுத்துவிடலாம்; அதிலுள்ள ஒவ்வொன்றும் ஏன் சேர்க்கப்பட்டது என்பதை அறியாவிடில் அந்த நகலால் பயனில்லை. வீங்கிய மின்தேக்கிகள் உணர்த்திய உண்மை இதுவே.