'சரி'ன்னா சம்மதமா?

இந்த எபிசோட்ல 1861-ஆம் வருஷத்து பாரிஸுக்குப் போறோம். அதுக்கு முன்னாடி திண்டிவனத்துல எங்க வீட்டுத் திண்ணையில கொஞ்சம் உட்காரலாம்.

எங்க ஆயா பக்கவாதம் வந்து, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினப்போ வலது கை வரல. பேச்சுல மிஞ்சினது ஒரே சொல்: 'சரி'. பசிச்சா 'சரி'. கோவம் வந்தா 'சரி சரி சரி'. எந்த 'சரி' எதுக்குன்னு எங்களுக்குப் பழகிடுச்சு. இதுக்குப் பேர் அஃபேசியா. மூளையில மொழிக்கான பகுதி அடிபடுது. அதனால புத்தியும் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல.

2019-ல ஒரு ஆராய்ச்சி மாணவர் விழுப்புரத்திலிருந்து பஸ் பிடிச்சு வந்தார். தமிழ் பேசுறவங்களுக்கு வர்ற அஃபேசியாதான் அவரோட ஆய்வு. மரியாதையான பையன். படிவத்துல பெரியப்பா கையெழுத்துப் போட்டார். "பாட்டி, உங்க பேச்சைப் பதிவு பண்ணலாமா?"ன்னு ஆயாகிட்டயும் கேட்டார். ஆயா "சரி"ன்னுச்சு. ரெக்கார்டரைப் பக்கத்துல வெச்சார். ஆயா இடது கையால அதைத் தள்ளி வெச்சுது. அவர் திரும்பப் பக்கத்துல வெச்சார். இப்படி மூணு தடவை. அந்த ரூம்ல நாங்க ஆறு பேர் இருந்தோம், ஒருத்தரும் வாயைத் திறக்கல. நானும்தான்.

இப்போ பாரிஸ். பிசேத்ர் மருத்துவமனையில லெபோர்ன்னு ஒரு நோயாளி, 21 வருஷமா அங்கேயே இருந்தவர். எதைக் கேட்டாலும் 'தான், தான்'னு மட்டும்தான் சொல்வார் (நம்ம 'தான்' இல்ல, பிரெஞ்சு ஒலி). அதனால அவர் பேரே 'தான்' ஆயிடுச்சு. 1861 ஏப்ரல்ல கால் அழுகி, புரோக்காங்கிற அறுவை மருத்துவர்கிட்ட வந்தார். "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"ன்னு புரோக்கா கேட்டார். லெபோர்ன் கையை நாலு தடவை விரிச்சுக் காட்டி, கடைசியா ஒரு விரலை நீட்டினார். இருபத்தொன்னு. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூணாவது தடவை கேட்டப்போ, தன்னை வெச்சுப் பயிற்சி பண்றாங்கன்னு அவருக்குப் புரிஞ்சு போச்சு. கோவத்துல ஒரு வசவு வந்து விழுந்தது. அவர் வாயிலிருந்து அந்த வசவை ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்னு புரோக்காவே எழுதி வெச்சிருக்கார்.

என்னைப் பொறுத்தவரை அது ஒரு மறுப்பு. புரோக்கா அதை அறிகுறியாத்தான் குறிச்சார். ஏப்ரல் 17-ல லெபோர்ன் இறந்தார். மறுநாளே அவர் மூளை பாரிஸ் மானுடவியல் சங்கத்தில காட்டப்பட்டது. நரம்பியலையே திருப்பிப் போட்ட கண்டுபிடிப்பு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அவர் பள்ளி ஆசிரியரோட பிள்ளை, செருப்பு அச்சு செய்யற தொழிலாளிங்கிற வாழ்க்கைக் கதை 2013-லதான் வெளிய வந்தது. சேசரி டொமான்ஸ்கி பழைய பதிவேடுகளைத் தோண்டி எடுத்தார்.

1947 நியூரம்பர்க் விதிகள், சட்டப்படி சம்மதம் தரத் தகுதியுள்ளவங்ககிட்ட மட்டும்தான் ஆய்வுன்னு சொல்லுச்சு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதை அப்படியே பிடிச்சா, ஆயா மாதிரி ஆளுங்க பத்தி யாருக்கும் எதுவும் தெரியாமலே போகும். தமிழ் பேசுறவங்களுக்கான சிகிச்சையும் வராது.

நம்ம ஊர்ல 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதுக்கு ஒரு வழி வெச்சுது. அதோட அட்டவணையில அஃபேசியா பேர் சொல்லியே இருக்கு. பிரிவு 6 என்ன சொல்லுது? சம்பந்தப்பட்டவரோட சம்மதம் வேணும், அதுவும் அவருக்குப் புரியற வழியில கேட்டு வாங்கணும். அதோட ஒரு குழுவோட முன் அனுமதியும் வேணும். அந்தக் குழுவில பாதிக்குக் குறையாம மாற்றுத்திறனாளிகளோ, அவங்களுக்கான பதிவுபெற்ற சங்கத்து ஆட்களோ இருக்கணும். பெரியப்பா கையெழுத்து மட்டும் போதும்னு அதுல எங்கயும் இல்ல.

புரியற வழின்னா பெரிய தொழில்நுட்பம் எல்லாம் இல்ல. "பதிவு பண்ணலாமா?"ன்னு கேட்டுட்டு, "பண்ண வேணாமா?"ன்னும் கேட்கணும். ரெண்டுக்கும் 'சரி' வந்தா, அந்தச் சொல்லை விட்டுட்டுக் கையைப் பார்க்கணும்.

ஆயா 2021-ல போயிடுச்சு. இந்த எபிசோடுக்காக அந்த மாணவருக்கு போன் பண்ணேன். பதிவு இன்னும் இருக்காம், பதினோரு நிமிஷம். வேணும்னா அழிச்சிடறேன்னார். பெரியப்பாகிட்ட கேட்டேன். "அழிக்க வேணாம்டா, ஆயா குரல் வேற எங்கயும் இல்ல"ன்னார். மாணவருக்கு இன்னும் நான் பதில் சொல்லல.