பலாலிக்குப் போகும் வழி

சங்க இலக்கியத்தின் ஆற்றுப்படை நூல்கள் வள்ளலின் ஊரை எடுத்த எடுப்பில் காட்டிவிடுவதில்லை. அங்கே செல்லும் வழியை விரித்துரைக்கின்றன. சிறுபாணாற்றுப்படை நெய்தல், முல்லை, மருத நிலங்களினூடாகப் பாணனை நல்லியக்கோடனிடம் அனுப்புகிறது. மலைபடுகடாம் நன்னனின் ஊருக்குப் போகும் மலைவழியில் எதிர்ப்படும் இடர்களையும் எச்சரித்துச் சொல்கிறது. வழியைச் சொல்வதே ஊரைச் சொல்வதாகும் என்பது நம் மரபின் பழைய அறிவு.

இந்த நோக்கில் ஒரு சிறிய விமான நிலையத்தின் வரலாற்றைப் பார்க்கலாம். யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பலாலி. விமான நிலைய வரலாறுகள் பெரும்பாலும் ஓடுபாதையையும் விமானங்களையும் பற்றியே பேசுகின்றன. பலாலியைப் பொறுத்தவரை, ஒரு சாதாரண மனிதர் பேருந்தில் ஏறி அங்கே போக முடிந்ததா என்று கேட்பதே பொருத்தமான தொடக்கம் என்று நினைக்கிறேன்.

வலிகாமத்தின் செம்மண் நிலத்தில் இந்த ஓடுதளத்தை அமைத்தவர்கள் பிரித்தானிய வான்படையினர். காலம் இரண்டாம் உலகப் போர். போர் முடிந்தபின் அது மக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, இங்கே இறங்கி, சென்னைக்குச் சென்றது. இலங்கை விடுதலை பெற அப்போது இன்னும் இரண்டு மாதங்கள்கூட இல்லை. பின்னர் திருச்சிராப்பள்ளிக்கும் விமானங்கள் பறந்தன. அன்றைய பயண ஏற்பாட்டில் இந்நிலையம் காங்கேசன்துறை என்ற பெயராலேயே குறிக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. துறைமுகமும் புகையிரதத் தடத்தின் இறுதி நிலையமும் கொண்ட ஊரின் பெயரை விமானத்தளமும் இரவல் பெற்றிருந்தது. கொழும்பிலிருந்து வரும் புகையிரதப் பாதை 1905 முதலே காங்கேசன்துறை வரை நீண்டிருந்தது. 1956இல் யாழ்தேவி அத்தடத்தில் ஓடத் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன், வசாவிளான் என்று ஊர்களைத் தொட்டுச் செல்லும் பலாலி வீதியும் இருந்தது. கடல், தண்டவாளம், வீதி, வானம் ஆகிய நான்கும் சில கிலோமீட்டர் இடைவெளிக்குள் கூடிய இடம் இது. இலங்கையில் இப்படி வாய்த்த இடங்கள் அதிகமில்லை.

1990 ஜூன் மாதத்தில் மீண்டும் போர் வெடித்தபோது இவை ஒவ்வொன்றாக அறுந்தன. யாழ்தேவி நின்றது. பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போயின. பலாலியைச் சூழ்ந்த கிராமங்களின் மக்கள் வெளியேறினார்கள். அவர்களுடைய நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. வீதி வரைபடத்தில் மட்டும் எஞ்சியது.

ஓடுதளம் மட்டும் இயங்கிக்கொண்டே இருந்தது என்பதுதான் இவ்வரலாற்றின் கசப்பான முரண். கண்டி வீதி மூடிக்கிடந்த ஆண்டுகளில் குடாநாட்டிலிருந்து தென்னிலங்கை செல்ல விரும்பியவர்களுக்குக் கப்பலை விட்டால் விமானமே வழி. ஆனால் அந்த விமானத்தை நோக்கி யாரும் தாமாகப் போய்விட முடியாது. நகரில் பயணிகளை ஒன்றுசேர்த்துச் சோதனையிட்டுப் படையினரின் ஏற்பாட்டில் பேருந்துகளில் வலயத்துக்குள் கொண்டுசென்றார்கள். பேருந்து இருந்தது, ஆனால் அது பொதுப் போக்குவரத்து அல்ல. தன் வயலைக் கடந்துசெல்லும் ஒருவர் அங்கே இறங்க முடியாத பயணத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. வானமும் பாதுகாப்பானதாக இல்லை. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். 2002 ஏப்ரலில் கண்டி வீதி திறந்தபோது மக்கள் அடைந்த ஆறுதலையும், 2006 ஆகஸ்டில் அது மீண்டும் மூடப்பட்டபோது ஏற்பட்ட அச்சத்தையும் இந்தப் பின்னணியில்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

போர் 2009இல் முடிந்தது. வழிகள் ஒரே நேரத்தில் திரும்பி வரவில்லை. புகையிரதம் 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் எட்டியது. இதற்கிடையே 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. காணி உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. 2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு திறக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னைச் சேவை தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் நின்று 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிராப்பள்ளிச் சேவையும் சேர்ந்துகொண்டது.

வசாவிளான் சந்தியிலிருந்து பலாலிச் சந்தி வரையான வீதித் துண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதோ 2025 ஏப்ரலில்தான். சென்னையிலிருந்து கடல் தாண்டி ஒருவர் பலாலியில் வந்திறங்க முடிந்த பிறகும், வசாவிளானில் நிற்கும் ஒருவர் பழைய நேர்வழியே பலாலிச் சந்திக்குப் போக ஐந்தாண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. திறந்தபோது நிபந்தனைகளும் உடன் வந்தன. காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரையே பயணம், இடையில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, நடந்து செல்லக்கூடாது. கனரக வாகனங்களில் பயணிகள் பேருந்துக்கு மட்டும் அனுமதி.

கடைசி நிபந்தனையில் ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவ்வழியில் பேருந்து ஓடலாம் என்பதே அது. ஆனால் பேருந்து என்பது ஓடுவது மட்டுமல்ல, நிற்பதும்தான். கூலிக்குப் போகிறவரும், பள்ளிப் பிள்ளையும், பெட்டியோடு விமானத்துக்குப் போகிறவரும் தத்தம் இடத்தில் இறங்கிக்கொள்ளும்போதே ஒரு வீதி பொதுவழியாகிறது. ஆற்றுப்படை பாடிய புலவர்களும் வழிநெடுகக் குடிகளையே கண்டார்கள். அக்குடிகள் பாணனை அமர்த்தி, உணவிட்டு, மேற்கொண்டு அனுப்பிவைத்தார்கள். பலாலி வீதியின் இருமருங்கிலும் அத்தகைய வீடுகள் எழுந்து, அவற்றின் முன் பேருந்து நிற்கும் நாளில், அங்கிருந்து விமான நிலையத்துக்குப் போவது ஒரு செய்தியாக இராது. அந்தச் சாதாரண நிலையைத்தான் அவ்வூர் மக்கள் 1990இல் இழந்தார்கள்.