ஆரல்வாய்மொழியின் காற்றும் அகத்தியமலையின் காடும்

மேற்கு மலைத்தொடர் தெற்கே இறங்கி வந்து, குமரிமுனைக்குச் சற்று முன்னதாகத் தாழ்ந்து ஒரு வாயிலைத் திறந்துவிடுகிறது. அதுவே ஆரல்வாய்மொழிக் கணவாய். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருநெல்வேலிக்கு ரயிலில் சென்ற நேயர்கள் இவ்விடத்தை மறந்திருக்க மாட்டார்கள். நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் இடையே 1981ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற இருப்புப் பாதையின் இருமருங்கிலும் இன்று காற்றாலைகள் அணிவகுத்து நிற்கின்றன. மும்பையிலிருந்தோ டில்லியிலிருந்தோ ஊர் திரும்புகிற நாஞ்சில் நாட்டுக்காரருக்கு, ஊர் நெருங்கிவிட்டதென முதலில் அறிவிப்பவை அந்தச் சுழலும் கரங்களே.

இக்கணவாய் நெடுங்காலம் போர் வாயிலாக இருந்தது. வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியின்போது, 1809ஆம் ஆண்டில், ஆங்கிலப் படை இங்கிருந்த கோட்டை அரணைக் கைப்பற்றியே திருவிதாங்கூருக்குள் நுழைந்தது. 1956 நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலூகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தன. கணவாயும் உடன் சென்றது. மொழியைக் குறித்தும், நாஞ்சில் நாட்டு நெல்லைக் குறித்தும், பேச்சிப்பாறை நீரைக் குறித்தும் அக்காலத்தில் நிறையப் பேசினோம். காற்றையும் ஒரு சொத்தாகக் கணக்கிட அன்று எவருக்கும் தோன்றவில்லை.

ஆனால் காற்றை அளக்கும் கலை திருவனந்தபுரத்திற்குப் புதிதன்று. சுவாதித் திருநாள் மகாராஜா 1837ஆம் ஆண்டிலேயே இந்நகரில் வானாய்வு நிலையம் ஒன்றை நிறுவினார். கால்டெகாட் என்னும் ஆங்கிலேயர் அதன் முதல் தலைவர். அவருக்குப் பின் 1852இல் வந்த ஜான் ஆலன் பிரவுன், நகரத்து அளவுகளோடு மலையுச்சியின் அளவுகளையும் ஒப்பிட விரும்பி, 1855ஆம் ஆண்டில் அகத்தியமலையின் உச்சியிலேயே ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்தார். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம், வழியெங்கும் யானைக்காடு. தமிழ் முனிவர் உறைவதாக நாம் நம்பும் மலையில் காந்த ஊசியையும் பாரமானியையும் சுமந்து சென்றவர்களின் துணிவை எண்ணி வியக்கத்தான் வேண்டும்.

அந்த மரபின் வழிவந்தவராக நாம் கருதுவது அன்னா மாணி அம்மையாரை. 1918ஆம் ஆண்டு திருவிதாங்கூரின் பீருமேட்டில் பிறந்து, பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி பயின்று, வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தவர். 1963இல் தும்பா ராக்கெட் நிலையம் தொடங்கியபோது, விக்ரம் சாராபாயின் வேண்டுகோளின்படி அங்கே வானிலை நிலையத்தையும் கருவிக் கோபுரத்தையும் அமைத்துக் கொடுத்தார். ஓய்வுபெற்ற பின்பும் ஓயவில்லை. மூலேயுடன் சேர்ந்து அவர் தொகுத்த இந்தியக் காற்றாற்றல் விவரங்கள் 1983இல் நூலாயின. எங்கே காற்றாலை வைக்கலாம் என்ற கேள்விக்கு ஊகத்தால் அன்றி எண்ணால் விடை கூற வழி செய்த நூல் அது. அம்மையார் 2001ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் காலமானார்.

எண் ஏன் இத்தனை முக்கியம்? காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகிறது. விநாடிக்கு ஐந்து மீட்டர் வீசும் இடத்தைவிட ஆறு மீட்டர் வீசும் இடத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஆற்றல் மிகுதி. ஆகவே, "இங்கே வேண்டாம், இரண்டு மைல் தள்ளி வையுங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சுவரில் மோதித் தடைப்பட்டு, பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய இடைவெளிகளில் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. நல்ல காற்று அங்கேயும் மலைமுகடுகளிலும்தான் உண்டு. காடும் பறவையும் அருவித் தலைப்பும் அதே முகடுகளில்தான் உள்ளன. சிக்கலின் வேர் இதுவே.

1986ஆம் ஆண்டில் தூத்துக்குடிக் கடற்கரையில் 55 கிலோவாட் யந்திரங்களுடன் சோதனைக் காற்றாலை தோன்றிற்று. பின்னர்க் கயத்தாறும் முப்பந்தலும் வளர்ந்தன. மூவேந்தர்க்கு மூன்று பந்தலிட்ட இடம் முப்பந்தல் என்று ஊரார் கூறுவர்; இசக்கியம்மன் கோயிலால் பெயர்பெற்ற ஊர். தொண்ணூறுகளில் யந்திரத்தின் முழு விலையையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடங்கொடுத்தது. நூற்பாலை முதலாளிகளும் சிமெண்டு ஆலைகளும் ஆளுக்கு ஒன்றிரண்டாக வாங்கி நட்டனர். இடத்தைத் தேர்ந்ததில் காற்றுக்கு இருந்த பங்கு வரிச்சலுகைக்கும் இருந்ததென்றே சொல்ல வேண்டும். (அரைப்பது எதுவுமில்லாத இப்பொறிக்கு 'ஆலை' என்ற பெயர் பொருந்தாது. அவ்வூர் மக்கள் சொல்லும் 'காற்றாடி' எவ்வளவோ மேல்.)

சொல் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்க்கும் நாம், ஆங்கிலத்தில் பயனற்ற நிலம் என்று குறிக்கப்படுவதைப் பெரும்பாலும் 'தரிசு' என்று எழுதிவிடுகிறோம். அந்தத் தரிசில் ஆடு மேய்ப்பவனுக்கு அது மேய்ச்சற்கால். மழை நீர் ஓடிக் குளம் சேரும் நிலமாயின் அதுவே நீர்ப்பிடிப்பு. தோவாளையின் பூந்தோட்டங்களும் அகஸ்தீஸ்வரத்தின் குளங்களும் கணவாயிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. 2022ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளில் ஆண்டுதோறும் வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்குகின்றன. 'தரிசு' என்று எழுதியதும் இவையெல்லாம் படத்திலிருந்து மறைந்துவிடுகின்றன.

கேரளத்தின் கதை வேறு. 2024ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டியிருந்தது. கேரளத்தில் அது நூறு மெகாவாட்டையும் எட்டவில்லை. பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் மின்வாரியம் 225 கிலோவாட் யந்திரங்கள் ஒன்பதை நிறுவிற்று. இடுக்கியின் ராமக்கல்மேட்டிலும் சில உண்டு. அட்டப்பாடியில் நட்ட காற்றாலைகளோ பழங்குடியினர் நிலத்தில் நிற்பதாக 2010ஆம் ஆண்டில் பெரும் வழக்காயிற்று. காற்று மிகுந்த மலைகள் அங்கே காடாகவோ பழங்குடியினர் உரிமையாகவோ இருப்பதால், யந்திரத்திற்கு இடம் குறைவு.

காட்டையா மின்சாரத்தையா என்ற இந்தக் கேள்வியை மலையாளிகள் முன்பே ஒருமுறை சந்தித்தவர்கள். சைலண்ட் வாலியில் குந்திப்புழையை அணையிட்டு 120 மெகாவாட், பின்னர் 240 மெகாவாட் வரை பெறுவதற்கான திட்டத்திற்குத் திட்டக்குழு 1973இல் இசைவளித்தது. மலபாரின் மின் பஞ்சம் பொய்யன்று. தொழிலும் வேலையும் கேட்ட மக்களைப் பழிப்பதற்கில்லை. சாஸ்திர சாகித்திய பரிஷத்து கணக்குகளை எடுத்துவைத்து மறுத்தது. திருவனந்தபுரத்தில் சுகதகுமாரி முதலிய கவிஞர்கள் காட்டின் பக்கம் நின்றனர். 1983இல் திட்டம் கைவிடப்பெற்றது. மறு ஆண்டு அது தேசியப் பூங்காவாயிற்று. அம்முடிவை நாம் சரியென்றே கொள்கிறோம். ஆயினும் மறைக்கலாகாத ஒன்றுண்டு. கேரளம் இன்று தன் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. அதில் நிலக்கரிப் புகை கலந்தே வருகிறது. ஒரு காட்டைக் காத்த கணக்கின் மறுபுறம் வேறொரு மாநிலத்தின் சாம்பல் மேட்டில் எழுதப்படுகிறது.

வடக்கேயும் இவ்வாறே. சதாரா மாவட்டத்துப் பீடபூமியில் ஆராய்ந்தவர்கள், காற்றாலைகள் உள்ள இடத்தில் வேட்டைப் பறவைகள் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறைந்ததையும், அவற்றிற்கு அஞ்சி வாழ்ந்த ஓணான்கள் பெருகியதையும் 2018இல் வெளியிட்டனர். ராஜஸ்தானத்தில் கானமயிலைக் காக்க மின்கம்பிகளை நிலத்தடியில் பதிக்குமாறு 2021இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2024 மார்ச்சில் தன் உத்தரவைத் தளர்த்தி, பறவையும் பருவநிலையும் இரண்டும் காக்கத்தக்கவை என்று நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது.

ஆரல்வாய்மொழிக்கு மீள்வோம். மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களை முப்பது ஆண்டு பழைய சிறு யந்திரங்கள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. பத்துச் சிறு யந்திரங்களின் திறனை இன்றைய பெரிய யந்திரம் ஒன்றே கொண்டிருக்கிறது. புதிய முகடுகளைத் தேடிப் பாதை வெட்டுவதற்கு முன், பழைய களத்தையே புதுப்பிப்பது மேலென்பது நம் கருத்து. தமிழ்நாடு அரசும் 2024ஆம் ஆண்டில் அதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. இடையூறு காற்றில் இல்லை, பட்டாவில் இருக்கிறது. பெரிய யந்திரத்திற்கு விலகி நிற்க இடம் வேண்டும். அருகிலுள்ள ஐந்தாறு யந்திரங்களுக்கு ஐந்தாறு உரிமையாளர்கள். அவர்களுள் எவர் தம் யந்திரத்தை முதலில் கழற்றுவது, கழற்றியவருக்கு எத்தனை பங்கு என்பது இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது.