பெங்களூரில் அணுக்காந்த ஒத்ததிர்வு ஆய்வு

புரதம், டி.என்.ஏ. போன்ற உயிர்மூலக்கூறுகளைப் படிகமாக்காமல், கரைசலில் இருக்கும் நிலையிலேயே அவற்றின் அமைப்பையும் அசைவையும் அறியப் பயன்படும் முறை அணுக்காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல். ஆய்வுக்கூடப் பேச்சில் இது என்.எம்.ஆர். இந்தியாவில் இத்துறையின் பழைய முகவரிகளில் ஒன்று பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம். ஊர்க்காரர்கள் பலருக்கு அது இன்றும் ‘டாடா இன்ஸ்டிடியூட்’தான்.

1946இல் பிளாக்கும் பர்செல்லும் தனித்தனியே இந்த ஒத்ததிர்வைக் கண்டறிந்தனர். ஐந்தே ஆண்டுகளில், 1951இல், கழகத்தின் இயற்பியலாளர் ஜி. சூர்யன் ஓடும் திரவத்தின் சமிக்ஞை தேங்கிய திரவத்தினுடையதைவிட வலுவாக இருப்பதைப் பதிவு செய்தார். காந்த ஒத்ததிர்வைக் கொண்டு இரத்த ஓட்டத்தை அளக்கும் முறைகளுக்கு இது முன்னோடி. அவர் பெயர் இங்கேயே அதிகம் பேசப்படுவதில்லை.

1977இல் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவுடன் கழகத்தில் அதிநவீனக் கருவிகள் மையம் அமைந்தது. 270 மெகாஹெர்ட்ஸ் கருவி வந்தது. வெளிக் கல்லூரி ஆய்வாளர்களும் மாதிரி அனுப்பிச் சோதித்துக்கொள்ளலாம் என்பதே அதன் பெரிய பயன். இன்று அது என்.எம்.ஆர். ஆய்வு மையம். கழகப் பேராசிரியர் அனில் குமார் 1980இல் எர்ன்ஸ்ட், வுத்ரிச் ஆகியோருடன் வெளியிட்ட இருபரிமாண ஓவர்ஹவுசர் சோதனை, அரை நானோமீட்டருக்குள் நெருங்கியிருக்கும் ஹைட்ரஜன் இணைகளைக் காட்டிக்கொடுத்தது. புரதச் சங்கிலி எங்கெங்கே மடிந்து தன்னையே தொடுகிறது என்பதை அந்தத் தொலைவுகளிலிருந்து கணக்கிடலாம். எர்ன்ஸ்ட் 1991இலும் வுத்ரிச் 2002இலும் நோபல் பரிசு பெற்றனர். கருவி வெளிநாட்டிலிருந்து வந்தாலும், முறையை வகுத்ததில் பெங்களூருக்கும் பங்குண்டு.

புரத ஆய்வில் பாதி வேலை காந்தத்துக்கு வெளியே நடக்கிறது. வேண்டிய மரபணுவை ஏற்றிய ஈ.கோலை பாக்டீரியாவை, நைட்ரஜன்-15 கொண்ட அம்மோனியம் குளோரைடையும் கார்பன்-13 குளுக்கோசையும் மட்டும் ஊட்டி வளர்க்கிறார்கள். சாதாரண ஊடகத்தைவிட வளர்ச்சி மெதுவாக இருக்கும். செலவு பல மடங்கு. சுத்திகரித்த புரதக் கரைசல் அரை மில்லிலிட்டர், அதில் பத்தில் ஒரு பங்கு கனநீர். இதை 5 மில்லிமீட்டர் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் காந்தத்துக்குள் இறக்குகிறார்கள். வரும் நிறமாலையில் புரோலின் நீங்கலாக ஒவ்வொரு அமினோ அமிலத்தின் முதுகெலும்பு நைட்ரஜனுக்கும் ஒரு புள்ளி. மருந்து மூலக்கூறு ஒன்றைச் சேர்த்ததும் சில புள்ளிகள் இடம் மாறினால், அது ஒட்டும் இடம் எதுவென்று துப்புக் கிடைத்துவிடும்.

800 மெகாஹெர்ட்ஸ் கருவியின் காந்தப்புலம் 18.8 டெஸ்லா, பெங்களூரில் உணரப்படும் புவிக்காந்தத்தைப் போல நான்கு லட்சம் மடங்குக்கும் மேல். மீக்கடத்துக் கம்பிச்சுருள் மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்க, அதைச் சுற்றித் திரவ நைட்ரஜன் உறை. நைட்ரஜனை ஏறக்குறைய வாரந்தோறும் நிரப்ப வேண்டும். இதய முடுக்கி பொருத்தியவர்கள் அருகில் போகக்கூடாது, ஏ.டி.எம். அட்டையைக் கதவுக்கு வெளியிலேயே வைத்துவிடுவது நல்லது.

நகரின் வடக்கே தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் உயர்புலக் கருவிகள் உள்ளன. தெற்கே பொம்மனஹள்ளியைத் தாண்டி ஓசூர் சாலையில் போனால் வரும் பொம்மசந்திராவில் பயோகான், சின்ஜீன் போன்ற நிறுவனங்கள் இயங்குகின்றன. மருந்துத் துறையின் அன்றாடத் தேவை வேறு மாதிரியானது: தொகுத்த சிறு மூலக்கூறு நினைத்தபடிதான் வந்திருக்கிறதா என்று பார்ப்பது. அதற்குச் சில நிமிடம் போதும். புரதத்துக்கோ நாட்கணக்கில் கருவியை ஒதுக்க வேண்டும்.

பெரிய புரதங்கள் கரைசலில் மெல்லச் சுழல்வதால் சமிக்ஞை அகன்று மங்கும். 1997இல் வந்த ட்ராசி முறை இந்தத் தடையை ஓரளவு தளர்த்தியது. இப்போது பெரும் புரதக் கூட்டமைப்புகளைக் கிரயோ எலக்ட்ரான் நுண்ணோக்கி எடுத்துக்கொண்டது. ஆனால் பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய ஆல்ஃபா-சைநியூக்ளின் போல நிலையான வடிவமே இல்லாத புரதங்களை, அலகு அலகாக ஆராய என்.எம்.ஆருக்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை.