ரெண்டு சீட் கிடைச்சா வர்றோம்!

தீப்பெட்டித் தொழில் கத்துக்க 1920களில் கல்கத்தாவுக்குச் சேர்ந்தே போன அய்ய நாடார், சண்முக நாடார் கதை நம்ம சிவகாசிக்காரங்களுக்குத் தெரியும். சேர்ந்தே கிளம்பின இன்னொரு ஜோடியைப் பத்தி இன்னைக்குச் சொல்றேன்: கலிஃபோர்னியாவின் இரட்டையர் கிளென், ரால்ஃப் டேவிஸ்.

1943, உலகப்போர் நேரம். கிளென் அமெரிக்க ஃபுட்பாலில் புலி. அதாவது, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிட்டு ஓடுற ஆட்டம். வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் சேர அரசியல் பிரதிநிதியின் பரிந்துரை வேணும். ரெண்டு பேருக்கும் தர்றேன்னு அவங்க தொகுதிப் பிரதிநிதி உறுதி சொன்னார். ரெண்டு பேரும் சேர்ந்தாங்க.

1944 முதல் 1946 வரை அந்த டீம் தோற்கவே இல்லை: 27 வெற்றி, 1 டிரா. 1946இல் கிளென்னுக்கு ஹைஸ்மன் டிராஃபி.

கோப்பையில ஒரு பேர்தான். ஆனா அந்த ரெண்டாவது சீட் இல்லைன்னா, கதையே வேற ரூட்டில் போயிருக்கும்னு எனக்குத் தோணுது.